பாதி ஊற்று

குமுதவல்லி காலையில் தன் தாய்ப்பலகையை எழுப்புவதற்கு முன் செய்யும் காரியங்கள் என்றும் மாறியதில்லை. மேசையை ஈரத்துணியால் ஒருமுறையும் உலர்ந்த துணியால் ஒருமுறையும் துடைப்பாள். சன்னலைத் திறந்து, கடற்சுவருக்கு அப்பால் நீர் அன்று என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்ப்பாள். பிறகு வலக்கை விரல்களை மடக்கி, தன் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவரில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருப்பாள். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு வரும். அதன் பிறகே அவள் விரல் பொத்தானைத் தொடும். காய்ச்சல் கண்ட நாட்களிலும், பக்கத்து வீட்டு மைதீன் மரைக்காயரோடு மனத்தாங்கல் ஏற்பட்டு முகம் கொடுத்துப் பேசாதிருந்த நாட்களிலும்கூட அவள் தட்டாமல் இருந்ததில்லை. அவர் பதில் தட்டாமல் இருந்ததும் இல்லை.

புதுத்துறையில் இது எல்லா வீடுகளிலும் உள்ள வழக்கம். விடிந்ததும் தெருவில் நடந்தால், தோப்பு நிறைய மரங்கொத்திகள் வேலை தொடங்கிவிட்டதுபோல இருக்கும். புதிதாக வரும் வெளியூர்க்காரர்கள் திகைத்து நிற்பார்கள். ஊர்க்காரர்களுக்கோ அந்தச் சத்தம் இல்லாத காலையை நினைத்துப் பார்க்கவே முடியாது.

கடல் ஏறிவந்து பழைய ஊரை விழுங்கிய பிறகு, மேட்டு நிலத்தில் எழுந்த ஊர் அது. கரையோரத்து மின்நிலையங்களும் நீருக்கடியில் போய்விட்டன. மிஞ்சியவர்கள் உப்பிலே மின்னைச் சேர்த்துவைத்துத் தரும் பெட்டியைச் செய்யக் கற்றார்கள். பழைய தலைமுறை பவர் சப்ளை என்று சொன்னதன் வாரிசு அது. புதுத்துறையார் அதற்கு ‘ஊற்று’ என்று பெயர் வைத்தார்கள். செய்யக் கற்றாலும் அதற்கு வேண்டிய உலோகம் எளிதில் கிடைக்கவில்லை. பெட்டிகள் வீடுகளில் பாதிக்குத்தான் வந்தன. கணினி என்று முன்பு சொல்லப்பட்ட தாய்ப்பலகை இல்லாமல் எந்த வீட்டிலும் எந்தத் தொழிலும் நடவாது. ஆகவே ஊர்மன்றம் ஒரு விதி செய்தது: தனி ஊற்று யாருக்கும் இல்லை, இரண்டு தாய்ப்பலகைக்கு ஓர் ஊற்று. அப்படிப் பகிர்ந்துகொள்ளும் இரு வீட்டாரையும் ஓரூற்றார் என்று அழைத்தார்கள்.

அந்தப் பெட்டியை வடிவமைத்தவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஊற்று பொதுச்சுவரில் ஒரு மாடத்தில் இருக்கும். அதிலிருந்து இடப்பக்கம் ஒரு கற்றைக் கம்பியும் வலப்பக்கம் ஒரு கற்றைக் கம்பியும் போகும். இரண்டு பலகையிலிருந்தும் மெல்லிய பச்சைக் கம்பி ஒவ்வொன்று வந்து ஊற்றில் சேரும். அதற்கு எழுப்புக் கம்பி என்று பெயர். இருவரில் யார் அழைத்தாலும் ஊற்று விழிக்கும். இருவரும் ஓய்ந்தால்தான் உறங்கும். ஒருவர் தம் பலகையை அணைப்பதால் மற்றவர் வேலை நின்றுபோகாது. கறுப்புக் கம்பிகள் பொதுத் தரை. இரண்டு பலகைக்கும் மின்னளவின் தொடக்கப் புள்ளியான பூஜ்ஜியம் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதற்காக அவை பின்னிக் கட்டப்பட்டிருக்கும். இருவரும் சேர்ந்து அளவுக்கு மீறி இழுத்தால் ஊற்று இருவரையுமே நிறுத்திவிடும். ஒருவர் வயிறு நிறைய மற்றவர் பட்டினி கிடக்க விடாது. பலகை விழிக்கும் கணத்தில்தான் இழுப்பு மிக அதிகம் என்பதால், இருவரும் ஒரே நேரத்தில் எழுப்பிவிடாமல் இருக்கத்தான் அந்தச் சுவர்த்தட்டு.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவர்கள் இயந்திரத்தின் பொறுப்பில் விடவில்லை. பாதிக்கு மேல் வேண்டுமென்றால் சுவரருகே போய், பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். மற்றவர் தம் பலகையை உறங்கவைத்துத் தம் பாதியைத் தருவார். கேளாமல் எடுப்பதைத் தடுக்கப் பூட்டு எதுவும் கிடையாது. கேட்டால் தருவார்கள், தராமல் எடுக்கமாட்டார்கள் என்று அந்த முன்னோர் நம்பியிருந்தார்கள்.

குமுதவல்லி ஊரின் ஓதக் கணிப்பாளர். கடல் எப்போது எவ்வளவு ஏறும் என்று கணக்கிட்டு, கடற்சுவரின் மதகுகளை எப்போது அடைப்பது என்று சொல்வது அவள் வேலை. மைதீன் மரைக்காயர் துறைக்குரல். முழுகிய பழைய ஊரின் தெருக்களுக்கு மேலாகத்தான் படகுகள் துறைக்கு வரவேண்டும். கலங்கல் நீருக்கடியில் மொட்டை மாடிகளும், பேருந்து நிலையத்தின் கூரையும், பெரிய தண்ணீர்த் தொட்டியும் கண்ணுக்குத் தெரியாமல் காத்திருக்கும். மரைக்காயர் மாடி சன்னலோரம் அமர்ந்து, பலகையின் திரையில் படகின் இடத்தைப் பார்த்தபடி, ‘கொஞ்சம் இடது… நேரே… இப்பத் திரும்பு’ என்று ஒலிவாங்கியில் சொல்வார். அந்தக் குரலை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டே சுக்கான் பிடிப்போம் என்று படகுக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

அமாவாசையை ஒட்டி, தெற்குக் காற்றும் சேர்ந்துகொண்ட வாரம் அது. கடல் வழக்கத்துக்கு மீறி ஏறப்போகிறது என்று குமுதவல்லிக்கு உள்ளூர ஒரு சந்தேகம். நுணுக்கமாகக் கணக்கிட முழு ஊற்றும் வேண்டியிருந்தது. திங்களன்று கேட்டாள், தந்தார். செவ்வாயன்றும், அண்ணன் முறையில் ‘நானா’ என்று அழைத்துக் கேட்டாள்.

“நானா, இன்னிக்கும் ஒரு நாழி உங்க பாதி வேணும்.”

சுவருக்கு அப்பாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. “நேத்துதானே தந்தேன் தங்கச்சி! பேசாம என் பாதியையும் உங்க பேருக்கே எழுதிவெச்சுட்டு, நான் மாடியில கொடி ஆட்டிப் படகு கூப்புடட்டுமா?”

“தர இஷ்டமில்லேன்னா வேணாம் நானா.”

“அட, விளையாட்டுக்குச் சொன்னா மூஞ்சியத் தூக்கிக்கிறதப் பாரு! எடுத்துக்குங்க. கூடவே ஒரு கதையும் இனாம். ஒரே சங்குக்குள்ள ரெண்டு நண்டு குடியிருந்துச்சாம். எது நகரணும்னாலும் இன்னொண்ணைக் கால்ல தட்டிட்டுத்தான் நகரணும்னு பேச்சு. ஒரு நாளு ஒண்ணு தட்டாமலே கிளம்பிடுச்சாம்…”

“அப்புறம்?”

“முடிவை இன்னும் யோசிக்கல. நாளைக்கு ஊற்று கேக்க வருவீங்கல்ல, அப்பச் சொல்றேன்.”

அவர் அதைச் சொன்னது அன்பினால்தான். ஆனால் ‘நாளைக்கு ஊற்று கேக்க வருவீங்கல்ல’ என்ற சொல் குமுதவல்லியின் மனத்தில் மீன்முள்போலக் குத்தி நின்றுவிட்டது. ஊருக்காகச் செய்யும் வேலைக்குத் தினம் கையேந்துகிறவளாகத் தன்னை அவள் எண்ணிக்கொண்டாள்.

புதன்கிழமை பிற்பகல் காற்று வலுத்தது. கணக்கு முடியாமல் திணறியது. படகுகள் சாயங்காலம்தான் திரும்பும். அதுவரை மரைக்காயரின் பலகைக்கு வேலை இல்லை என்று அவளுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தாள். விரல்களை மடக்கிச் சுவரருகே கொண்டுபோனாள். பிறகு தாழ்த்திக்கொண்டாள். தட்டாமலே, தன் பலகையின் பாதி வரம்பைத் தளர்த்தி, ஊற்று கோபித்துக்கொண்டு நின்றுவிடாத விளிம்புவரை இழுத்தாள்.

சுவருக்கு அப்பால் மரைக்காயரின் பலகையைக் குளிர்விக்க ஓடும் காற்றாடியின் முனகல் ஒரு கணம் தணிந்து அடங்கியது, மறுபடி எழுந்தது. குமுதவல்லி அதைக் கேட்டாள். காற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்று வியாகுலமேரியின் படகுக்கு வலை சீக்கிரமே நிறைந்துவிட்டது. பாட்டுப் பாடிக்கொண்டு, மற்றவர்களுக்கு முன்பாகவே அவள் துறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். மரைக்காயர் வழி சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு மாடி வரை போகும் கம்பி நீளமானது. இழுப்புக் கூடும்போது அந்தக் கம்பியின் கோடியில் வலு குறையும். குறைந்தது. பலகை கண்மூடிக் கண் திறந்தது. திரையில் இருந்த படம் மட்டும் அழியாமல் அப்படியே நின்றது. விழித்ததும், உறங்குவதற்கு முன் படகு இருந்த இடத்தையே திரையில் காட்டியது. மாடத்து விளக்கோ பச்சையாகவே எரிந்தது. குமுதவல்லியின் பலகை விழித்திருந்ததால் ஊற்று விழித்தே இருந்தது. அந்த விளக்கு ஊற்றுக்குரியதே தவிர, பலகைக்குரியது அல்ல. சன்னலோரக் காற்றின் இரைச்சலில் காற்றாடி நின்றதும் கேட்கவில்லை. தம் பலகை ஒருகணம் செத்துப் பிழைத்ததை மரைக்காயர் அறிய வழியே இல்லை. திரையைப் பார்த்து, “இப்ப இடது திரும்பு” என்றார். படகு அந்த இடத்தை ஏற்கெனவே கடந்திருந்தது. பழைய தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு அதன் அடிவயிற்றை நீளக் கிழித்துவிட்டது.

உயிருக்கு ஆபத்தில்லை. வியாகுலமேரியும் அவள் ஆட்களும் தொட்டியின் மேலேறி இடுப்பளவு நீரில் நின்றபடி, மிதந்துபோகும் தங்கள் மீனை வைதுகொண்டிருந்தார்கள். அதே வேளையில் குமுதவல்லியின் கணக்கு முடிந்தது. மதகுகள் உடனே அடைக்கப்பட்டன. அந்தி நேரத்தில் கடல், யாரும் எதிர்பாராத உயரத்துக்கு எழுந்துவந்து சுவரில் மோதித் திரும்பியது. ஊர் பிழைத்தது.

ஆக ஒரே நாளில், ஒரே ஊற்றிலிருந்து, ஒரு வீட்டுக்குப் பாராட்டும் ஒரு வீட்டுக்குப் பழியும் போய்ச் சேர்ந்தன. மன்றத் தலைவர் தணிகாசலம் மாலையோடு வந்தார். “இவ்ளோ பெரிய வேலை பாக்குறவங்க பாதி ஊற்றுல கஷ்டப்படக் கூடாதும்மா. உங்களுக்கு மட்டும் தனி ஊற்று குடுக்கலாம்னு பேசிட்டிருக்கோம்,” என்றார். குமுதவல்லி மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அது மாடத்துக்கு எதிரே தொங்கியது.

மறுநாள் காலை அவள் சுவரில் தட்டினாள். பதில் வந்தது, ஆனால் தாமதமாக, மெலிந்த தட்டாக வந்தது. பிற்பகலில் சன்னல் வழியே பார்த்தபோது, மரைக்காயர் மாடியில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கோத்ததை உருவினார், மறுபடி கோத்தார். உருவினார், இன்னும் சற்றுத் தள்ளிப் பிடித்துக் கோத்தார். துணி எதுவும் அருகில் இல்லை. அவர் தைக்கவில்லை, தம் கண்ணைச் சோதித்துக்கொண்டிருக்கிறார் என்பது குமுதவல்லிக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை.

சனிக்கிழமை படகுத்துறையில் மன்றம் கூடியது. மரைக்காயர் தம் ஒலிவாங்கியை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துவந்திருந்தார். கிழிந்த படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் சாய்ந்து நின்ற வியாகுலமேரி அவரைக் கண்டதுமே தொடங்கிவிட்டாள்.

“வாங்க தொரை! தூக்கம் தெளிஞ்சுச்சா? என் படகுக்கு வயிறு கிழிஞ்சுபோச்சு, நீங்க கொட்டாவி விட்ட நேரத்துல!”

“ஏசு தாயி. நியாயந்தான்,” என்றார் மரைக்காயர். பிறகு தலைவரைப் பார்த்து, “எப்படி நடந்துச்சுன்னு எனக்கே வெளங்கல. திரையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ஆனா படகு ஓரிடம், என் கண்ணு ஓரிடம். கண் அசந்திருக்கணும். அசந்ததே தெரியாத ஆளு கையில உசுரை நம்பிக் குடுக்கக் கூடாது. வேற ஆளைப் பாருங்க,” என்றார்.

துணிப் பொதியை நீட்டினார். நீட்டிய கையை ஒரு கணம் நிறுத்தி, கூட்டத்தில் குமுதவல்லியைத் தேடிக் கண்டு, தலையசைத்தார். “ஒரு ஆறுதல். நான் அசந்த அதே நேரத்துல, சுவத்துக்கு அந்தப் பக்கம் இந்தத் தங்கச்சி ஊரையே காப்பாத்திக்கிட்டிருந்துச்சு. எங்க ஊற்று முழுசா வீணாப் போகல.”

தலைவர் பொதியை வாங்கக் கை நீட்டினார். தான் இப்போது பேசாவிட்டால் அந்தக் குரல் துறையில் இனி ஒலிக்காது. தனக்குத் தனி ஊற்று வந்துசேரும். அதன்பின் தட்டுவதற்கு எதிரே ஆளிருக்காது. இந்த எண்ணங்கள் எல்லாம் ஒன்றாகக் குமுதவல்லியின் நெஞ்சில் வந்து மோதின.

“வாங்காதீங்க ஐயா,” என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. “நானா கண்ணு அசரல. நான்தான் தட்டாம எடுத்தேன்.”

தலைவர் ஒன்றும் விளங்காமல், “எதைம்மா எடுத்தீங்க?” என்றார்.

“அவரோட பாதியை. கேக்காம எடுத்தேன். அந்த நேரத்துல அவர் பலகை ஒரு தடவை செத்து எழுந்திரிச்சுது. காத்தாடி நின்னு ஓடுனது என் காதுலயே கேட்டுச்சு. கேட்டும் காத்துன்னு சொல்லிக்கிட்டேன். அவரு வீட்டுக் கம்பி நீளம், வலு குறையும்னு எனக்குத் தெரியும். மாடிக்கு அதை இழுத்தப்ப ஒரு முனையப் புடிச்சவளே நான்தான்.”

முதலில் அசைந்தவள் வியாகுலமேரி. அவள் குமுதவல்லியை நோக்கி வரவில்லை, மரைக்காயரிடம் போனாள். “அப்ப இத்தனை நாளா நான் ஏசுனதெல்லாம்… ஏன் நானா, ஒரு வார்த்தை திருப்பி ஏசியிருக்கக் கூடாதா? கல்லு மாதிரி நின்னு வாங்கிக்கிட்டீங்களே!” என்று சொல்லிவிட்டு, திரும்பி, “உங்கிட்ட அப்புறம் வரேன்,” என்றாள் குமுதவல்லியிடம்.

தலைவர் கனைத்துக்கொண்டார். “இதுக்குத்தான் ஆளுக்கொரு ஊற்றுன்னு நான் சொல்றது. தனித்தனியா இருந்திருந்தா இந்தத் தப்பே நடந்திருக்காது.”

“நடந்திருக்காதுதான்,” என்றாள் குமுதவல்லி. “ஆனா எனக்குத் தனி ஊற்று வேணாம் ஐயா. நான் செய்யிறதை அறியிறதுக்குப் பக்கத்துல ஒரு காத்தாடிச் சத்தமாவது இருக்கட்டும்.”

மரைக்காயரின் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அதன் பின்னாலேயே கோபம் வந்தது. பொதியை மார்போடு அணைத்துக்கொண்டு அவளைக் கடந்து நடந்தவர், நின்று, திரும்பாமலே சொன்னார்: “ஒரு தட்டு தங்கச்சி. ஒரே ஒரு தட்டுப் போதுமா இருந்துச்சு.”

அன்று மாலையே குமுதவல்லி தன் தாய்ப்பலகையை உறங்கவைத்தாள். படகின் அடியை ஒட்டவைக்கும் பற்றுக்கருவிக்கு நிறைய மின் வேண்டும். அதற்கென்று தனி ஊற்று ஊரில் இல்லை. தன் பாதியிலிருந்து நீண்ட கம்பி இழுத்து, தெருவைக் கடந்து, படகுவரை கொண்டுபோனாள். ஆனால் அதற்கு முன் தன் வீட்டுப் படியிறங்கி, மரைக்காயர் வீட்டு வாசலில் நின்று, அந்தக் கம்பி எவ்வளவு இழுக்கும், எந்நேரம் இழுக்கும் என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் போனாள். ஓதத்தை அளக்க, கடற்சுவரில் கோடு கீறிய ஒரு மூங்கில் கழியை நட்டாள். கணக்கு அரசி என்று பெயரெடுத்தவள் முழங்கால் நீரில் நின்று கழியைப் பார்த்து மதகுக்காரர்களுக்குக் குரல் கொடுப்பதை ஊர் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை பழக்கத்தால் மேசையைத் துடைத்தாள். சன்னலைத் திறந்தாள். விரல்களை மடக்கியவள், எழுப்புவதற்குப் பலகை இல்லை என்பது நினைவுக்கு வந்து, கையைத் தொங்கவிட்டாள். அவள் பலகை உறங்கும்போது மரைக்காயரும் யாரையும் கேட்கவேண்டியதில்லை. பொத்தானை அழுத்தினால் போதும்.

சுவரில் இரண்டு தட்டு விழுந்தது.

குமுதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதிலுக்கு இரண்டு தட்டினாள்.

படகு வேலை முடியும்வரை வியாகுலமேரி அவளை வேலை வாங்கினாள் என்பதைவிட வதைத்தாள் என்றே சொல்லவேண்டும். “அங்க அழுத்திப் புடி. கணக்குப் போடுற கைன்னா இப்படித்தான் நழுவும்!” என்பாள், அடுத்த நொடியே தன் தூக்குவாளியிலிருந்து மீன்குழம்பை அவள் தட்டில் ஊற்றுவாள். ஒருநாள் மரைக்காயரும் வந்து, ஒட்டுப்போட்ட அடியை விரலால் தடவிப் பார்த்தார். குமுதவல்லி தன் மடியிலிருந்து ஒரு சிறு விளக்கை எடுத்துத் தந்தாள்.

“இதை ஊற்றுல மாட்டாதீங்க நானா. உங்க பலகையிலேயே மாட்டுங்க. அது கண்ணை மூடித் திறந்தா இது சிவப்பா மாறிடும். நீங்க பாத்துத் தொடுறவரைக்கும் சிவப்பாவே நிக்கும்.”

அவர் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். “வெளக்கு சரி. ஆனா என் வாய் இன்னும் கூசுது தங்கச்சி. தொட்டிகிட்ட வந்தா ‘திரும்பு’ங்கிற சொல்லு வெளிய வரமாட்டேங்குது.”

“அப்படின்னா படகு இறங்குற அன்னிக்கு மொதல் ஆளா நான் ஏறுறேன். எனக்கு நீச்சல் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

படகு நீரில் இறங்கிய நாள் கரை முழுவதும் கூட்டம். வியாகுலமேரி சுக்கானைப் பிடித்தாள். குமுதவல்லி படகின் முன்முனையான அணியத்தில், மரச்சட்டத்தின்மேல் அமர்ந்தாள். படகு ஒரு வட்டம் போய்த் திரும்பி, முழுகிய கடைத்தெருவின் வாயிலில் வந்து நின்றது. படகின் ஒலிபெருக்கியில் மரைக்காயரின் மூச்சு மட்டும் கேட்டது. சொல் வரவில்லை.

குமுதவல்லி குனிந்து, படகின் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில், புதிதாக ஒட்டிய மரத்தின்மேல் விரல்களை மடக்கி இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

பின்பு ஒலிபெருக்கியில் இரண்டு தட்டு விழுந்தது. தொண்டையைச் செருமும் ஓசை வந்தது.

“அந்த நண்டுக் கதை முடிவு கேட்டீங்களே தங்கச்சி,” என்றது துறைக்குரல். “சங்கு உடைஞ்சுபோச்சாம். வேற சங்கு தேடிப் போகாம, ரெண்டும் சேந்து உடைஞ்சதுக்கு ஒட்டுப் போட்டுச்சாம். சரி, மேரி, கொஞ்சம் இடது… நேரே வா… நேரே…”

கலங்கல் நீருக்கடியில் தொட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் அது தெரியவில்லை. குமுதவல்லி கண்களை மூடிக்கொண்டாள்.

“இப்பத் திரும்பு,” என்றது குரல். படகு திரும்பியது.